மேசைக்கு மிஞ்சிய வைஸ்

தர்முஜி சிக்காராங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுத் சொந்த ஊரான தாலாங்குக்குத் திரும்பி வந்தபோது ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை. சந்துக்குச் சந்து லேத்து ஓடுகிற ஊர் அது. போனவன் திரும்பி வருவதும், வந்தவன் வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு பிழைப்பதும் அங்கே வழக்கம்தான். அவன் மனைவி தர்யாத்தி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். அடுக்களையில் ஒரு மூடி விழுந்தால்கூட அவன் கை சட்டென்று மேலே போய் இடது நெற்றிப்பொட்டைத் தொட்டது. என்ன என்று கேட்டால் பாத்திரத்தை மெதுவாக வைக்கச் சொல்வான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தொழிற்சாலையில் அவனுக்குப் பக்கத்து மிஷினில் வாசிஸ் என்றொருவன் இருந்தான். பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவன். ஒருநாள் சாயங்காலம், சாமானை அசையாமல் கவ்விப் பிடிக்கிற கையகல வைஸில் முழ நீள இரும்புப் பட்டையைப் பிடித்து, சுழலும் கட்டரை இறக்கினான். பட்டையின் ஒரு ஓரம் மட்டும்தான் தாடைகளுக்குள் இருந்தது. தர்முஜி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாட்டு நின்றதும், ஈரத் துணியைக் கல்லில் அடித்தாற்போல ஒரு சத்தமும்தான் அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தபோது வாசிஸ் கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான், அலுப்புத் தீர உட்கார்ந்தவன் போல. பட்டை தெறித்து அடித்த இடது நெற்றிப்பொட்டில் அவ்வளவாக ரத்தம்கூட இல்லை. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

சரியாகப் பிடிக்காத பொருளை மிஷின் தூக்கி எறியும் என்பது உண்மைதான். அந்த உண்மை தர்முஜியின் மனதுக்குள் கிடந்து வேறொன்றாக முற்றியது. வைஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பத்திரம் என்று அவன் நம்பத் தொடங்கினான்.

அவன் வாங்கிய மில்லிங் மிஷின் சின்னது. மர மேசைமேல் தூக்கி வைத்து ஓட்டுகிற ரகம். பழையதென்றாலும் நல்ல நிலையில் இருந்தது, ஆனால் வைஸ் இல்லாமல் வந்தது. தர்யாத்தியின் அண்ணன் ரோக்கிம் ஊர் எல்லையில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருந்தான். தர்முஜி அங்கே போனபோது மழைக்கால மேகம் தகரக் கூரைக்குச் சற்று மேலே நிற்பதுபோல இருட்டிக்கொண்டிருந்தது. ரோக்கிம் இரண்டு வைஸ்களைக் காட்டினான். ஒன்று நீலப் பெயின்ட் அடித்த நாலு இஞ்ச். மற்றது, மூடிய பெரிய ஆலை ஒன்றிலிருந்து வந்த ஆறு இஞ்ச். கறுத்து, எண்ணெய் ஊறி, படுத்திருக்கும் மிருகம் மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது.

"மாப்ளே, உன் மிஷினோட மேசை எவ்வளவு அகலம்?" என்று கேட்டான் ரோக்கிம்.

தர்முஜி கையை விரித்துக் காட்டினான். அரைச் சாணைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

"அப்ப நாலு இஞ்ச் எடு. மேசை அகலத்துக்குள்ள வாய் அடங்கணும், கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல. இந்த ஆற உன் மிஷின் மேல வெக்கிறது, சைக்கிள் கேரியர்ல எருமைய ஏத்துற மாதிரி."

"எரும நழுவாதில்ல?"

"எரும எதுக்கு நழுவுது? சைக்கிள்தான் படுத்துக்கும்."

தர்முஜி சிரிக்கவில்லை. நாலு இஞ்ச் வைஸின் தாடைகளுக்கு நடுவே ஒரு பித்தளைத் துண்டை வைத்து இறுக்கி, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. அவன் செய்யப்போவது படகு ஜன்னல்களுக்கான பித்தளைக் கீல்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அதற்கு இந்த நீல வைஸே தாராளம் என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கண் அந்தக் கறுப்பு வைஸை விட்டு அகலவில்லை. அதன் வாயில் ஒரு பட்டையைக் கொடுத்தால் முழுதாக விழுங்கிக்கொள்ளும், ஓரம் மட்டும் பிடிக்கிற பேச்சே இருக்காது என்று நினைத்தான். மழை இறங்குவதற்குள் அதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு பேருமாகத் தூக்கி மிஷின்மேல் வைத்ததைத் தர்யாத்தி வாசலிலிருந்து பார்த்தாள். "எல்லாம் சரி, மிஷின் எங்க?" என்று கேட்டாள். உண்மையாகவே வைஸுக்குப் பின்னால் மிஷின் பாதிதான் தெரிந்தது.

தொல்லை அன்றைக்கே ஆரம்பித்தது. நடுவில் வைத்து போல்ட்டுப் போட்டால் வைஸின் பின்தாடை மேசையைத் தாண்டிப் பின்னால் போனது. முன்பக்கம் அதன் திருகுத்தண்டு நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. பின்தாடையில் பிடித்த கீல் கட்டருக்கு நேர் கீழே வரவேண்டுமென்றால், மிஷினின் மேசையைத் தன் வயிற்றுப் பக்கமாக இழுத்துக்கொண்டே வரவேண்டியிருந்தது. அப்படி இழுத்தும் ஒரு விரற்கடை எட்டவில்லை. இதற்கு மேல் வராதே என்று மேசையைத் தடுக்க, மிஷின் செய்தவன் ஒரு சின்ன இரும்புத் தடை வைத்திருந்தான். தர்முஜி அதைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தான்.

மேசைக்கு அடியில் ஒரு நீளத் திருகு. கைப்பிடியைச் சுற்றினால் அந்தத் திருகு, மேசையோடு பிணைந்த ஒரு பித்தளை நட்டை முன்னும் பின்னும் இழுக்கும். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத நட்டு. அவ்வளவு பெரிய வைஸின் பாரமும் வெட்டின் உதறலும் அந்த நட்டுக்குத்தான் வந்து சேர்ந்தன. தடை போன பிறகு அது திருகின் கடைசிப் புரிகளில் ஏறி நின்றது. தர்முஜி விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தான். இன்னும் சில புரிகள் கடித்திருந்தன. போதும் என்று எழுந்துகொண்டான்.

கீல்கள் வந்தன. துறைமுகத்தில் படகுச் சாமான் விற்கிற கடைக்காரி முதல் தடவை வாங்கிக்கொண்டாள். அடுத்த தடவை பாதியைத் திருப்பி அனுப்பினாள். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்திருந்தனவாம். மேசை முன்னால் வர வர, வைஸின் கனத்தில் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது. தர்முஜிக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் மிஷின் தேய்ந்த மிஷின் என்று சொல்லிவிட்டு, மேசை ஆடாமல் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கிற பட்டையை இறுக்கினான். கைப்பிடி சுற்ற முடியாமல் கனத்தது. மறுபடி தளர்த்தினான், முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

ஒருநாள் வெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் கையை எடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். கைப்பிடி தானாகத் திரும்பியது. மெல்ல, மிக மெல்ல, யாரோ கதவைத் திறந்து பார்ப்பதுபோல அரைச் சுற்று வந்து நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைப் பிடித்துப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். அதைப்பற்றித் தர்யாத்தியிடம் சொல்லவில்லை.

அவளும் தன் பங்குக்குச் சிலவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தரை ஓட்டில் மர மேசையின் கால்கள் தினமும் சிறிது நகர்ந்து வெள்ளைக் கீறல் போட்டிருந்தன. அவள் தேங்காய் மட்டையைச் செருகி அடைகொடுத்தாள், மறுநாள் மட்டை வெளியே கிடந்தது. முன்னறைச் சுவரில், மிஷினுக்கு நேராக, முடி பருமனில் ஒரு விரிசல் ஓடியது. நடைவழியில் நீட்டிக்கொண்டிருந்த வைஸ் கைப்பிடி அவள் இடுப்பில் இடித்துக் கன்றியது.

"இது நம்ம வீட்டுக்குள்ள வந்து நிக்குதா, இல்ல நாம அதோட வீட்டுக்குள்ள வந்து நிக்கிறோமா?" என்றாள் ஒரு காலையில், டீப் பானையை வைத்தபடி. அவன் கோப்பையில் கற்கண்டு கரைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன்கிட்ட குடுத்துட்டு சின்னத வாங்கிக்கங்களேன். வெக்கமா இருந்தா நான் போயி கேக்கறேன்."

"வெக்கமில்ல. இது விடாது, தர்யாத்தி. எதப் புடிச்சாலும் விடாது."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நோன்புப் பெருநாள் நெருங்கியது. படகுகள் கரைக்கு வந்து பழுது பார்க்கிற காலம், கீலுக்குக் கிராக்கி. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் தர்முஜி தொப்பியைக்கூடக் கழற்றாமல் மிஷின் முன் நின்றான். முன்னறை ஒடுக்கம். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் நிற்கத்தான் இடம். அன்றைய கீல் வழக்கத்தைவிடச் சற்று அகலமானது. கட்டர் எட்டவில்லை. அவன் கைப்பிடியை மேலும் ஒரு சுற்றுச் சுற்றினான். வழக்கமான இறுக்கம் கையில் தட்டவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல லேசாக இருந்தது. அந்த லேசு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கட்டர் அதற்குள் பித்தளையைத் தொட்டுவிட்டது.

ஒரு உதறல். நட்டின் கடைசிப் புரிகள் அறுந்தன. மேசை வைஸோடு சேர்ந்து தன் தடத்தைவிட்டு வழுக்கி அவன்மேல் வந்தது. எந்த மனிதனும் செய்வதைத்தான் அவனும் செய்தான், கைகளை நீட்டித் தாங்கப் பார்த்தான். அந்தப் பாரம் அவன் தொடைகளைச் சுவரோடு வைத்து அழுத்தியது. பிறகு கீழே சரிந்து, வைஸின் நாக்கு இடது பாதத்தின்மேல் இறங்கியது. கீல் இன்னும் தாடைகளுக்குள்ளேயே இருந்தது, இம்மியும் நகரவில்லை.

கட்டர் நிற்கவில்லை. விழுந்த வேகத்தில் மர மேசையின் முன்கால் ஒன்று முறிந்திருந்தது. மிஷின் மொத்தமும் அவனைப் பார்த்துக் குனிய ஆரம்பித்தது. சுவிட்சு பக்கவாட்டில் இருந்தது. அவன் கை எவ்வளவு நீட்டியும் அதற்கு எட்டவில்லை. ஒவ்வொரு அதிர்வுக்கும் மரம் நெரிந்தது, சுழலும் கட்டர் அவன் மார்புக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அந்த நேரம் வாசிஸின் முகம்தான் கண்ணுக்கு முன் வந்தது என்று பின்னாளில் சொன்னான். பயந்த முகமில்லையாம். பாட்டின் அடுத்த வரியை யோசிக்கிற முகமாம்.

தர்யாத்தி பின்கட்டில் நோன்பு திறப்பதற்காக, தாஹு என்கிற சோயாக் கட்டிகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தவள் நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். அவனிடம் போகவில்லை. திரும்பி, பக்கவாசல் வழியாக வெளியே ஓடி, மின்சார மீட்டரின் பிடியைக் கீழே இழுத்தாள். வீடு முழுக்க அடங்கியது. கட்டர் சுழன்று, தயங்கி, நின்றது. பிறகுதான் அவள் உள்ளே வந்து, சாய்ந்த மிஷினைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு தெருவைக் கூப்பிட்டாள். அண்டை அயலார் வந்து தூக்கும்வரை அவள் தோளை எடுக்கவில்லை. அடுப்பில் எண்ணெய் கருகுகிற வாடை வந்துகொண்டிருந்தது.

இடது பாதத்தின் முன்பாதியை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெருநாளை அவன் கட்டிலிலேயே கழித்தான். ரோக்கிம் கேட்காமலே வந்து ஆறு இஞ்ச் வைஸை எடுத்துப்போனான். இன்னொரு நாள் வந்து புது நட்டுப் போட்டு, தடையை மறுபடி பூட்டி, மிஷினுக்குக் காங்கிரீட்டில் ஒரு திட்டுக் கட்டி, நீல வைஸை அதன்மேல் பொருத்திவிட்டுப் போனான். அது மேசைக்குள் அடங்கி உட்கார்ந்தது. முன்னாலும் பின்னாலும் எதுவும் தொங்கவில்லை. தர்முஜி ஊன்றுகோலோடு வந்து அதைப் பார்த்தான். கிட்டப் போகவில்லை. விற்றுவிடலாமே என்றாள் தர்யாத்தி. அவன் ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

மழை விட்டுப் பனி தொடங்கிய ஒரு சாயங்காலம் ரோக்கிம் டீ குடிக்க வந்தான். பேச்சோடு பேச்சாக, பெரிய வைஸ் விலைபோய்விட்டதென்றான். வாங்கியவர் துக்குதூரி ஊரில் காஸ்மாடி என்று ஒருவர், மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு செய்கிறவர்.

"அவருக்கு என்ன மிஷின்?" என்றான் தர்முஜி.

ரோக்கிம் கோப்பையைக் கீழே வைத்தான். "உன்னுது மாதிரிதான்."

தர்யாத்தி தன் அண்ணனைப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்தது. "சொன்னேன், மாப்ளே. உன் கால் கதையையும் சொன்னேன். அவர் கேக்கல. நீ மட்டும் கேட்டியா?"

மறுநாள் காலையிலேயே கிளம்பினார்கள். தர்முஜிக்கு வண்டி ஓட்டக் கால் இல்லை, தர்யாத்திதான் ஓட்டினாள். வழியெல்லாம் கரும்பு வயல்களின்மேல் பனி இறங்கியிருந்தது. காஸ்மாடியின் பட்டறையை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே அந்தச் சத்தம் தர்முஜிக்குக் கேட்டது. பாரம் தாங்காமல் மிஷின் போடுகிற, அடித்தொண்டை உறுமல். அவன் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது.

காஸ்மாடி ஐம்பது தாண்டியவர், வாட்டசாட்டமானவர். வைஸ் மிஷின்மேல் அதே மாதிரி கவிழ்ந்து கிடந்தது. கழற்றிய தடை சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் தர்முஜி கிட்டப் போனான். விஷயத்தைச் சொன்னான். அவர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"ரோக்கிம் சொன்னான்ப்பா. கைய காலப் பாத்து நிக்கணும், அவ்வளவுதான். சின்ன வைஸ்ல சாமான் தெறிக்குது. ஒரு தடவ என் காதை உரசிட்டுப் போச்சு. இது தெறிக்காது."

தர்முஜி செருப்பைக் கழற்றினான். துணியைப் பிரித்துப் பாதத்தைக் காட்டினான். காஸ்மாடி ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது.

"எனக்கும் தெறிக்குமோன்னுதாண்ணே பயம்" என்றான் தர்முஜி. அதன்பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். வாசிஸைச் சொன்னான். பாட்டு நின்றதை, அந்தச் சத்தத்தை, அவன் தரையில் உட்கார்ந்திருந்த விதத்தைச் சொன்னான். "அன்னைக்கு அவன் செத்தது வைஸ் சின்னதா இருந்ததால இல்ல. முழ நீளப் பட்டைய ஓரத்துல புடிச்சான், அதனால செத்தான். நான் தப்பா பயந்துட்டேன். சாமானுக்கு ஏத்த வைஸ், வைஸுக்கு ஏத்த மிஷின். உங்க சாமான் எவ்வளவு பெருசுன்னு சொல்லுங்க. நாலுல எப்படிப் புடிக்கிறதுன்னு நான் காட்டறேன்."

தர்யாத்தி வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாய் அவன் கை ஏன் நெற்றிப்பொட்டுக்குப் போனதென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முக்காட்டு முனையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

காஸ்மாடி மிஷினை நிறுத்தினார். விளக்கை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குந்தினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தர்முஜியும் ஒரு காலை நீட்டியபடி பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். நட்டின் கீழே பித்தளைத் தூள் மஞ்சள்பொடி மாதிரி சிந்திக் கிடந்தது. திருகில் கடித்திருந்தது ஒரே ஒரு புரி, அதுவும் பாதி.

"இன்னைக்கா நாளைக்கான்னு இருந்திருக்கு" என்று காஸ்மாடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து, "இதக் கழட்டி எறக்கணும்னா இன்னும் ரெண்டு ஆள் வேணுமே" என்றார்.

"ஏன், நாங்க எதுக்கு வந்திருக்கோம்?" என்று தர்யாத்தி கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மேசையை முதலில் பின்னுக்குத் தள்ளிக் கட்டையால் அணைகொடுத்தார்கள். பிறகு மூவருமாகத் தூக்கினார்கள். தர்முஜி ஒற்றைக்காலில்தான் பாரத்தைத் தாங்கினான். தரையில் வைத்தபோது தொம் என்று ஒரு சத்தம். அவன் கை நெற்றிக்குப் போகத்தான் செய்தது.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்திருந்தார்கள். தர்யாத்தி, தலையைத் திருப்பாமலே, வாசிஸுக்குக் குடும்பம் உண்டா என்று கேட்டாள். ஒரு பெண்டாட்டி, கிளாத்தன் ஊர்ப்பக்கம் என்றான் அவன். பெயர் தெரியாது, அடக்கத்துக்கும் போகவில்லை. போகலாம், நான் ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னாள். அவன் சரி என்று சொன்னது காற்றில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

அந்த வாரமே தர்முஜி மிஷின்முன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் கீலை வெட்டினான். கடைக்காரி அளந்து பார்த்துவிட்டு மேலும் கேட்டாள். வைஸின் வாய்க்குள் அடங்காத சாமானோடு யாராவது வந்தால் பெரிய பட்டறையைக் காட்டி அனுப்பிவிடுகிறான். காஸ்மாடியும் நாலு இஞ்ச் வாங்கிக்கொண்டார். பட்டறைக் கதவு திறந்திருக்கும் நாட்களில் தர்யாத்தி பின்கட்டு வேலையைப் பார்த்தாலும் அவள் காது முன்னறையில்தான் இருக்கும். கட்டர் ஓடும் சத்தம் சட்டென்று மாறினால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு, மீட்டர் இருக்கும் வாசலுக்கு இரண்டடி நடந்துவிடுவாள். சத்தம் சீரானதும் திரும்பி வருவாள். ஒருநாளும் அவள் அதை அவனிடம் சொன்னதில்லை.